பதினெட்டு நிமிடம்

“அறிவியல்ல நல்லதா ரெண்டு புத்தகம் சொல்லுங்க. ஒண்ணு கதை, ஒண்ணு கட்டுரை.”

புத்தகக் கடைக்காரர் இரண்டு மொழிபெயர்ப்புகளை எடுத்து வைத்தார். “ரெண்டும் மிஷின் செஞ்சது. தமிழ் அதுக்குத் தண்ணி பட்ட பாடு சார். யாரோ ஒருத்தரோட பழைய மொழிபெயர்ப்புகளை எல்லாம் போட்டுப் பழக்கினாங்களாம்.”

வந்தவர் கட்டுரைப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

“சூரிய வெளிச்சம் பூமிக்கு வர பதினெட்டு நிமிஷம்னு போட்டிருக்கே. எட்டுதானே?”

“மிஷின் தப்பு பண்ணுமா சார்?”

“இது மிஷின் பண்ணினது இல்ல. இருபது வருஷத்துக்கு முன்னாடி, என் முதல் மொழிபெயர்ப்புல நான் விட்ட தப்பு.”

கடைக்காரர் புத்தகத்தை வாங்கி, முன்னும் பின்னும் மொழிபெயர்ப்பாளர் பெயரைத் தேடினார்.

“இருக்காது,” என்றார் வந்தவர். “என்னுதுன்னு காட்ட இந்தத் தப்பு ஒண்ணுதான் மிச்சம்.”