ஒரே ஒரு ரவுண்டு

"அழுத்து... விடு... மறுபடியும் அழுத்து!"

வண்டிக்கு அடியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த மகள் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். காலையிலிருந்து இதே கூத்துதான். பிரேக் குழாயில் காற்று இருக்கிறதாம், மிதித்து மிதித்துத்தான் வெளியேற்ற வேண்டுமாம்.

"இருந்த காத்தெல்லாம் எப்பவோ போயாச்சுப்பா. இப்ப போறது என் மூச்சுக் காத்து."

"பிரேக் விஷயத்துல விளையாடக் கூடாதும்மா."

பதினோரு மாதங்களுக்கு முன்னால், யாரோ கைவிட்ட பழைய பிக்கப் வண்டி ஒன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்து பட்டறை வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். வெறும் துருப்பிடித்த தகரம். "நீ காலேஜ்ல சேரப் போற அன்னைக்கு உன்னை இதுலதான் கூட்டிட்டுப் போறோம்" என்று அப்பா அன்றைக்கு வாய் நிறையச் சொன்னார். அதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேராகப் பட்டறைக்குத்தான் வருவாள். இருவருமாக எஞ்சினைப் பிரித்து மாட்டினார்கள், கிளட்ச் பிளேட் மாற்றினார்கள், நீலப் பெயிண்ட் அடித்தார்கள். பட்டறைக்கு வருகிறவர்கள் அவளுக்கு 'ஸ்பேனர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவள் காலேஜில் நிற்க வேண்டும். வராவிட்டால் இடம் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். மூன்று மணி நேரப் பயணம். அம்மா எடுத்து வைத்திருந்த பஸ் டிக்கெட்டைக்கூட, "நம்ம வண்டி இருக்கும்போது பஸ் எதுக்கு? ரத்து பண்ணிடு" என்று இவள்தான் தோரணையாகச் சொல்லியிருந்தாள்.

வண்டி வெள்ளிக்கிழமையே தயார். ஆனால் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. வெள்ளிக்கிழமை ஹெட்லைட் சரியில்லை என்றார். நேற்று ரேடியேட்டர். இன்றைக்கு பிரேக். ஞாயிற்றுக்கிழமை மணி நாலாகிவிட்டது, அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒரே முறுக்கில் பிடித்துக்கொண்டு சீராக ஓடியது.

"அப்பா, ஒரே ஒரு ரவுண்டு. தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்துடலாம்."

"எஞ்சின் கொஞ்சம் சூடாகட்டும்."

பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சூடாயிடுச்சுப்பா."

"அதான் சொல்றேன், கொஞ்சம் ஆறட்டும்."

அவள் எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே குதித்தாள். பட்டறைக்கு வரும் எந்த வண்டியையும் அப்பா ஓட்டிப் பார்க்க மாட்டார். 'உங்க வண்டி உங்க காலுக்குத்தான் தெரியும், நீங்களே ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்க' என்று சாவியைக் கையில் கொடுத்துவிடுவார். அடுத்தவர் பொருள்மேல் எவ்வளவு மரியாதை என்று எல்லோரும் மெச்சுவார்கள். அவளுக்கும் அதில் கொள்ளைப் பெருமை. ஆனால் இது யார் வண்டி?

"இது நம்ம வண்டிப்பா. இதுக்கு யாரைக் கூப்பிட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லப் போறீங்க? பேசாம நானே எடுக்கறேன்."

"உனக்கு லைசென்ஸ் எடுக்கற வயசு வர இன்னும் எட்டு மாசம் இருக்கு."

"அப்ப நீங்க எடுங்க!"

அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது.

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளாக நெஞ்சில் அரித்துக்கொண்டிருந்ததைக் கொட்டிவிட்டாள்.

"நான் போறது உங்களுக்குப் பிடிக்கலை. அதானே? இப்படியே நாளைக் கடத்தி, என் இடத்தை இன்னொருத்தருக்குக் கொடுத்துடலாம்னு பார்க்கறீங்க. நேராச் சொல்லியிருந்தா பஸ்லயாவது போயிருப்பேன்ல?"

அப்பா வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ்.

"நானா? உனக்கு இடம் கிடைச்சதை ஒரு ஆள் விடாமப் பிடிச்சு வெச்சுச் சொன்னவன்மா நான்."

"அப்ப ஓட்டுங்க."

சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். அவர் அதை வேட்டித் துணியால் ஒரு பக்கம் துடைத்தார், திருப்பிப் போட்டு மறுபக்கமும் துடைத்தார். பன்னிரண்டு வண்டி எஞ்சின்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டாலும் எது சரியில்லை என்று சொல்லிவிடும் மனிதர், அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுப் பக்கத்திலிருந்து அம்மா வந்தாள். தைத்து முடித்த தலையணை உறை தோளில் கிடந்தது. கையிலிருந்த காகிதத்தை வண்டியின் பானெட்மேல் வைத்தாள்.

"காலையில அஞ்சே கால் பஸ். ரெண்டு சீட்டு. அப்பாவும் கூட வர்றார்."

"ரத்து பண்ணச் சொன்னேனேம்மா!"

"பண்ணலை."

"அப்ப... இந்த வண்டி ஓடாதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"வண்டி நல்லா ஓடும். உங்கப்பா கை பட்டா எதுதான் ஓடாது?" அம்மா அப்பா பக்கம் திரும்பினாள். "பதினோரு மாசமா நானும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. இப்பவாவது சொல்லிடுங்க."

அப்பா சாவியை மகளின் கையிலேயே திருப்பி வைத்து, அவள் விரல்களை மூடினார்.

"லைசென்ஸ் எடுத்ததும் லீவுக்கு வந்து எனக்கும் சொல்லிக் கொடும்மா," என்றார். "இருபது வருஷமா ரிப்பேர் மட்டும்தான் பார்க்கறேன், எனக்கு ஓட்டத் தெரியாது."