கோவளம் போகாத பஸ்

“அந்தம்மா இன்னும் வரலியா?”

டூர் ஏற்பாடு செய்த கஜபதி, பஸ் படிக்கட்டில் நின்றபடி கேட்டார். கேட்கவே வேண்டாம். நாகப்பட்டினம் தாண்டியதிலிருந்தே, இறங்கிய ஊரிலெல்லாம் கடைசியாக வந்து ஏறியது பார்வதம்தான். இதோ, கன்னியாகுமரியிலும் ஆளைக் காணோம்.

கஸ்தூரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எண்பத்தொன்பதாம் வருஷத்துக் கோடை. ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் அப்போதெல்லாம் டூர் என்றால் திருவிழாதான். புளிக்காய்ச்சல் வாசனை தெருவையே தூக்கும். துணிமணி வைக்க ஏர்பேக்கை யாராவது இரவல் தருவார்கள். போகாத வீட்டுக்காரர்கள்கூட விடியற்காலையில் வாசலுக்கு வந்து கையாட்டுவார்கள்.

‘கடலோரமாவே கன்னியாகுமரி, அப்படியே கேரளாவுல கோவளம்’ என்று கஜபதி சொன்ன அன்றே கஸ்தூரி பெயர் கொடுத்துவிட்டாள். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்காவிட்டாலும் கிளம்பிவிட்டாள். எல்லாம் கோவளத்துக்காக. வளைந்த கரையும் பாறையும் கலங்கரை விளக்கமுமாக ஒரு காலண்டர் படம். அதைப் பார்த்துக்கொண்டேதான் ஒரு வருஷம் சமைத்திருக்கிறாள்.

“இப்ப கிளம்பினாத்தான் கோவளத்துல வெளிச்சம் இருக்கும். இல்லேன்னா கோவளம் கட். நேரா ஊருதான்” என்றார் கஜபதி.

“அந்தம்மா ராத்திரியில தூங்கவும் விடறதில்ல” என்றாள் கஸ்தூரி, பக்கத்து சீட்டு ஜெயசீலியிடம். “டிரைவர் பின்னாடி ஒக்காந்துகினு விடிய விடிய பேச்சு. புருஷன் இல்லாத பொம்பளைக்கு அந்த ஆள்கிட்ட அப்படி இன்னா பேச்சு?”

“நாகப்பட்டினம் தாண்டினதும் பாட்டு வேற பாடிச்சு” என்றாள் ஜெயசீலி.

“இரு, நானே போய் இழுத்துகினு வரேன்.”

கஸ்தூரி இறங்கினாள். பஸ்ஸுக்கு அடியில் நிழலில் துண்டை விரித்து, டிரைவர் வேம்புலி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். இவனுக்கென்ன, என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

கோயில் வாசலில் இல்லை. கலர் மண் பாக்கெட் விற்கிற இடத்தில் இல்லை. கடைசி சங்குக் கடையின் பின்பக்கம் ஒரு மரப்பெட்டி மேல் பார்வதம் உட்கார்ந்திருந்தாள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொங்கவிட்ட சிப்பி மாலைகளின் இடுக்கு வழியாக பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாக்கா இது? ஒரு பஸ்ஸே உனக்காகக் காத்துகினு கீது. நீ இங்க ஒளிஞ்சிகினு கீறே.”

பார்வதம் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“கோச்சிக்காத கஸ்தூரி. இப்பத்தான் படுத்தான்.”

“யாரு?”

“வேம்புலி. மாத்து டிரைவர் வரவேயில்ல, தெரியுமா? அல்லா ராத்திரியும் இவன் ஒருத்தன்தான் ஓட்டறான். பகல்ல நாம ஊர் சுத்தச் சொல்லோ, சமையல் அண்டா எறக்கறது, தண்ணி புடிக்கறது, டயர் பாக்கறதுன்னு அல்லாத்தையும் அவன் தலையில கட்டறாரு கஜபதி. நாகப்பட்டினம் தாண்டி அவன் தலை ஸ்டீரிங் மேலயே சாஞ்சிடுச்சு. நான்தான் தோள்ல தட்டினேன். அப்புறம் விடியற வரைக்கும் எதையாவது பேசிகினே வந்தேன். பேச்சு தீந்துபோயி பாட்டு கூட பாடினேன்.”



“கஜபதி கிட்ட சொல்றதுதானேக்கா?”

“சொன்னேன். ‘வண்டி ஓட்டறது அவன் வேலை, நீ சாமியைப் பாரும்மா’ன்னாரு. உங்ககிட்ட அல்லாம் சொல்லலாம்னு பார்த்தா, இவன் கையெடுத்துக் கும்பிடறான். முதலாளி காதுக்குப் போனா வேலை போயிடுமாம். மூணு புள்ளைங்க.”

“அதுக்காக?”

“ஆள் குறைஞ்சா வண்டி எடுக்கமாட்டாங்க இல்ல? நான் வராத வரைக்கும் அவன் தூங்குவான். எனக்கு வேற வழி தெரியல.”

பஸ்ஸைப் பார்த்தபடியே பார்வதம் சொன்னாள்: “எங்க ஊட்டுக்காரரும் லாரி ஓட்டினவருதான். அன்னைக்கு அவரு பக்கத்துல பேச ஆள் இல்ல.”

பஸ் பக்கமிருந்து கஜபதியின் குரல் கேட்டது. “பார்வதம்மா... கஸ்தூரிம்மா...”

கஸ்தூரி பாதி எழுந்தாள். சிப்பி மாலைகளின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். பஸ்ஸுக்கு வெளியே நீண்டிருந்த இரண்டு பாதங்களும் அசையவில்லை.

முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.

“கூப்பிடட்டும்க்கா” என்றாள்.

அவர்கள் இருவரும் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. “நான்தான் சங்குக் கடையில நின்னுட்டேன்” என்றாள் கஸ்தூரி. “கோவளம் கட்” என்று கஜபதி கத்தினார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஆளாளுக்குத் திட்டினார்கள். ஜெயசீலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேம்புலி முகம் கழுவிவிட்டு வந்து வண்டியை எடுத்தான்.

அன்று ராத்திரி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டே வந்தார்கள்.

இப்போது குவார்ட்டர்ஸை விட்டு எல்லாரும் கொரட்டூர், நெமிலிச்சேரி என்று சொந்த வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எப்போதாவது ஒரு கல்யாணத்தில் பழைய ஆட்கள் ஒன்றுசேர்ந்தால் அந்த டூர் பேச்சு வராமல் இருக்காது. “சங்குக் கடையில இந்தம்மா ஆடி அசைஞ்சி நின்னுதே, அதாலதான் கோவளம் போச்சு” என்று யாராவது கஸ்தூரியைக் காட்டுவார்கள். பந்தியே சிரிக்கும்.

கஸ்தூரி மறுத்துப் பேசியதில்லை. அந்த பஸ்ஸில் வந்தவர்கள் அத்தனை பேரும் பத்திரமாக இலைமுன் உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.