கோதண்டத்தின் முதுகு

"பனியனைக் கழட்டுங்க."

"கழட்ட மாட்டேன், நர்ஸம்மா. பொம்பள முன்னாடி ஒடம்ப காட்டுற வம்சம் இல்ல நம்மளுது."

ஆண்கள் வார்டு முழுக்கக் கேட்கும்படிதான் கோதண்டம் சொன்னான். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் மேஸ்திரி. அரிசி மூட்டை சரிந்து கால் முறிந்து, ராயபுரத்து ஆஸ்பத்திரியில் தொடைவரை மாவுக்கட்டோடு மல்லாந்து கிடந்தான்.

நர்ஸ் சீனியம்மாளுக்குக் காலையில் அதுதான் முதல் வேலை. ஒவ்வொருவரையும் புரட்டி, பிடரியிலிருந்து குதிகால் வரை தோலைப் பார்ப்பாள். எங்கேயாவது கன்றியிருந்தால் அழுத்திப் பார்த்து, ஸ்பிரிட் தடவிப் பவுடர் போடுவாள்.

"மல்லாந்தே கிடந்தா படுக்கைப் புண் வரும். எலும்பு தெரியக் குழி விழும். ஆளையே கொண்டுபோயிடும்."

"போனா போவட்டும். மானம்தான் முக்கியம்."

பக்கத்துக் கட்டில் பஷீர் சிரித்தார். "இன்னா மாமு, அந்தம்மா பாக்காத முதுகா? தங்கத்துல பண்ணி வச்சிகிறியா?"

தங்கமில்லை, பச்சை. கல்யாணத்துக்கு முன்னால் திருவொற்றியூர்த் திருவிழாவில், கள் தலைக்கேறிய நேரத்தில் 'வேம்பு' என்று முதுகில் குத்திக்கொண்டது. முதுகை யார் பார்க்கப் போகிறார்கள் என்பது அன்றைய புத்திசாலித்தனம். வேம்பு வேறொருவனைக் கட்டிக்கொண்டு எண்ணூருக்குப் போய்விட்டாள். பெயர் மட்டும் போகவில்லை.

அன்றிலிருந்து பனியனோடுதான் குளியல், பனியனோடுதான் தூக்கம். பெண்டாட்டி பெயர் ராஜாத்தி ஆயிற்றே.

வார்டே கேட்க மானம் பேசியவனுக்குத் தன்னை நினைத்தால் வெட்கமாகத்தான் இருந்தது.

மாலையில் ராஜாத்தி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். சீனியம்மாள் அவளை வராந்தாவுக்கு அழைத்துப்போய் ஏதோ பேசினாள். கோதண்டம் பனியனை இடுப்புக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை சீனியம்மாள் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தாள். கையில் வெட்டி வைத்த பிளாஸ்திரி. அவனை லேசாக ஒருக்களிக்க வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பனியனுக்குள் கைவிட்டு, பச்சையின் மேல் சரியாக ஒட்டினாள்.

"இப்போ கழட்டலாமா?"

இடம் எப்படித் தெரிந்தது என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. மூட்டை விழுந்தது காலில் மட்டும்தானா, தலையிலுமா என்று பின்னால் தன்னையே கேட்டுக்கொண்டான்.

வால் எலும்பின் மேல் தோல் கருஞ்சிவப்பாகக் கன்றியிருந்தது. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உடைஞ்சிருக்கும்," என்றாள்.

அதற்குப் பிறகு சீனியம்மாள் சொன்ன பக்கமெல்லாம் கோதண்டம் புரண்டான். சிவப்பும் மெல்ல மங்கியது.

வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. முதுகைத் துடைத்துப் பவுடர் போடும் விதத்தைச் சீனியம்மாள் ராஜாத்திக்குக் காட்டிக்கொடுத்தாள். ராஜாத்தி பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள்.

கோதண்டத்துக்குக் குப்பென்று வேர்த்தது. "அய்ய, அது மருந்து போட்டது. பிரிக்கக் கூடாது. நர்ஸம்மா, நீங்க சொல்லுங்க."

சீனியம்மாள் பவுடர் டப்பாவைத் திறந்து ராஜாத்தியிடம் நீட்டினாள்.

"சும்மா கெடய்யா. உள்ள வேர்த்து இதுவே புண்ணாயிடும்."

ராஜாத்தி சர்ரென்று உரித்தாள். கோதண்டம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"கண்ணாலமான புதுசுல அம்மை போட்டு கெடந்தியே, அப்போ உன் முதுக யாரு தொடச்சிவுட்டது? இந்த எடத்துல ஒட்டுங்கன்னு நர்ஸம்மாவுக்கு சொன்னதே நான்தான். ஒரு பேர மறைக்கிறேன்னு நீ புண்ணு வந்து சாவ, நான் உன்ன வாரிக் குடுத்துட்டு நிக்கணுமா? அந்தாண்ட திரும்பிப் படு, பவுடர் போடணும்."