நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கடைசி ப்ரூஃபில் கையெழுத்துப் போடத் தலைவர் பேனாவைத் திறந்துவிட்டார்.

நான் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டேன்.

விடுதலைப் போராட்டத்தை நடத்தியவர் தன் வாழ்க்கையைத் தானே எழுதியிருக்கிறார். அடுத்த வாரம் வெளியீட்டு விழா. மண்டபம்கூடப் பிடித்தாகிவிட்டது.

எங்கள் அச்சகத்தில் ஒரு சட்டம் உண்டு. ப்ரூஃப் பார்ப்பவர் எழுத்துப் பிழையைத்தான் தொடலாம். விஷயத்தைத் தொட்டால் வேலை போய்விடும். இருபத்தாறு வருஷமாக வாயைத் திறக்காமல் இருந்தவள் நான். யார் யாரோ எழுதிய புளுகுக்கெல்லாம் ஒற்றும் கமாவும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இந்தப் புளுகுக்குப் போட மாட்டேன்.

‘எங்கள் ரகசிய அச்சகத்தைக் காட்டிக் கொடுத்தவன் எங்களுடைய அச்சுக்கோப்பாளனே.’ ஒரே வரி. கை கூசாமல் எழுதியிருக்கிறார்!

அந்நிய ஆட்சிக்கு எதிராகத் துண்டறிக்கை அடித்த அந்த நிலவறையில் அச்சுக்கோத்தது ஒரே ஒரு ஆள்தான். என் அப்பா. வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனுஷர்.

பிடிபட்டதும் அவர் ஒருத்தர்தான். ஆறு வருஷம் சிறை. வெளியே வந்தபோது வலது கையில் மூன்று விரல் மடங்கவில்லை. அச்சுக்கோக்கிறவருக்கு விரல் போனால் அப்புறம் என்ன இருக்கிறது?

இப்போது கண்ணும் போய்விட்டது. தலைவர் புத்தகம் எங்களிடம் வந்த நாளிலிருந்து தினமும் கேட்கிறார், அதில் தன்னைப் பற்றி நாலு வரி வருகிறதா என்று.

வருகிறது அப்பா. நான்தான் உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எந்த வாயால் வாசிப்பேன்?

“கைய எடும்மா. சாயங்காலம் அச்சுக்குப் போகணும்ல?” என்றார் தலைவர்.

எடுக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நடந்தது எனக்குத் தெரியும். நிலவறையிலிருந்த ஈய எழுத்துகளில் ஒன்றுக்கு வால் ஒடிந்திருந்தது. மாற்று எழுத்து வாங்க வழியில்லை. எந்தத் தாளில் பட்டாலும் அடையாளம் தெரிந்துவிடும். அதனால் அந்த எழுத்துப் பெட்டியை வெளிவேலைக்குத் தொடக் கூடாது என்று அப்பாவே கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார்.

சொன்னவரே ஒரு முறை தொட்டார். கெஞ்சிக் கேட்டவரிடம் இல்லை என்று சொல்ல வாய் வராமல், ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு அந்தப் பெட்டியிலிருந்து எடுத்துக் கோத்துக் கொடுத்தார்.

போலீஸ் என்ன, மாங்காய் மடையர்களா? ஊரில் அச்சான தாளையெல்லாம் பொறுக்கி, துண்டறிக்கையோடு வைத்துப் பார்த்தார்கள். பத்திரிகையிலும் அதே ஒடிந்த வால். நேரே மாப்பிள்ளையிடம் போனார்கள். மறுநாள் காலை நிலவறைக் கதவை உடைத்து அப்பாவை இழுத்துப் போனார்கள். மாப்பிள்ளைக்குக் குறித்த தேதியில் கல்யாணம் நடந்தது.

அந்தப் புண்ணியவான் யார் என்று அம்மா சாகும்வரை கேட்டாள். நானும் கேட்காத நாளில்லை. கல்யாணத்துக்கு நின்ற பையன், பயந்திருப்பான், போனால் போகிறது விடு என்பார் அப்பா. ஐம்பது வருஷமாக இதே பதில். அந்த நல்ல மனசு மேலேயே எனக்கு ஆத்திரம்.

இன்று காலை குளிப்பாட்டித் தலை துவட்டும்போது, பெயரைச் சொல்லாவிட்டால் சோறு கிடையாது என்று மிரட்டினேன்.

சொன்னார். சொல்லிவிட்டு, யாரிடமும் கேட்டுவிடாதே அம்மா என்றார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் அப்பா. வேலை போனாலும் போகட்டும்.

“உங்க கல்யாணப் பத்திரிகைய யார் அச்சுக்கோத்தாங்கன்னு போலீஸ் வந்து கேட்டப்ப, நீங்க என்னங்கய்யா சொன்னீங்க?”

தலைவர் பேனாவை மூடினார்.