நெருப்பைத் தாங்கும் வைக்கோல்

சேறு பூசியும் வைக்கோல் சுவர் ஏன் எரிகிறது என்று ஜம்புலிங்கத்துக்கு விளங்கவில்லை. ஏலகிரி மலைக் குளிருக்கு இதமாக ஓர் அறை கட்ட நினைக்கிறான். மாதிரிச் சுவர் இரண்டு தடவை எரிந்துவிட்டது. இன்றும் எரிந்தால் அறை கட்ட அனுமதி கிடையாது. நிறைமாத மனைவி சந்திரா தகரக் கொட்டகையில்தான் பிள்ளை பெற வேண்டும். இந்த மூன்றாவது சுவர் அவள் யோசனை. குடியாத்தத்திலிருந்து அவள் அப்பாவின் லுங்கிகளை இறுக்கிப் பேல் பொதியாகக் கட்டும் பிரஸ்ஸை வரவழைத்து, அதில் வைக்கோலை அழுத்திக் கட்டியிருக்கிறார்கள். அனுமதி தர வேண்டிய ஓவர்சியர் சம்பந்தம், சோதித்துப் பார்க்கச் சுவரோரம் விறகை மூட்டுகிறார். சேறு கறுத்து வெடிக்கிறது. ஜம்புலிங்கம் வாளித் தண்ணீரைத் தூக்குகிறான். "வாளிய கீழ வைப்பா. நீ ஊத்திட்டா நான் இன்னாத்த பாக்கறது?" என்கிறார் சம்பந்தம். மறுபக்கத்தில் சந்திரா சுவரில் கன்னத்தை வைக்கிறாள். "இங்க வந்து தொட்டுப் பாருங்க. ஜில்லுனு கீது." அவள் கன்னத்தருகே அவன் உள்ளங்கையை வைக்கிறான், எடுக்க மனமில்லை. விறகு தணலானதும் சம்பந்தம் சேற்றைப் பெயர்க்கிறார். மேல் வைக்கோல் கருகியிருக்கிறது, உள்ளே பொன்னிறம். "கட்டிக்கோ. கையெழுத்து போடறேன்." முன்பு களத்து வைக்கோற்போர் போலத் தளர்வாக அடுக்கியதில் இடுக்கெல்லாம் காற்று இருந்தது. லுங்கி பேல் போல இறுக்கினால் காற்று புகாது. காற்றில்லாமல் நெருப்பு பரவாது.