அவர் பேர்ல இருக்கிற வண்டி

வீட்டிலிருந்த பழைய ஸ்கூட்டர் இனி சாலைக்கு வராது என்று பதிவு செய்ய, தில்லைநாயகி போக்குவரத்து அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"எந்த வண்டி?" என்றது இயந்திரக் குரல்.

"வீட்டுக்காரர் பேர்ல இருக்கிற வண்டிதான். இனிமே ஓடாது, நிறுத்திடுங்க."

"நிறுத்தப்பட்டது."

அடுத்த நிமிடமே கணவர் குமரவேல் அழைத்தார். "தில்லை, காலு ரெண்டும் அசையல. பஸ் ஸ்டாண்ட் சிக்னல்ல ரோட்டு நடுவுல நிக்கிறேன். பச்சை விழப்போகுது."

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. பெண்களுக்கான மானியம் என்று ஸ்கூட்டரை அவள் பெயரில்தான் வாங்கியிருந்தார்கள். அவர் பெயரில் வண்டியாகப் பதிவாகியிருந்தவை, விபத்துக்குப் பின் பொருத்திய இயந்திரக் கால்கள் மட்டுமே.

மறுபடி அலுவலகத்தை அழைத்தாள். "தப்பா சொல்லிட்டேன். அதை ஓட விடுங்க."

"மீண்டும் ஓட, உரிமையாளர் வண்டியுடன் நேரில் வர வேண்டும்," என்றது குரல்.