கழற்ற வேண்டியதுதானே?

“தலையில மாட்டியிருந்த ஹெட்செட்டைக் கழற்றி எறிஞ்சிருந்தா விஷயம் அங்கேயே முடிஞ்சிருக்குமேம்மா?”

போனில் பேசிய போலீஸ் அதிகாரியின் குரலில் கோபமில்லை. கொட்டாவிதான் இருந்தது.

ஷாஹிந்தா மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். இணையத்தில் ஒரு கடற்கரை. கண்களை மறைக்கும் ஹெட்செட்டை மாட்டினால் அங்கே போய் நிற்கலாம், தலையசைவிலேயே நடக்கலாம், பேசலாம். அலெக்ஸாண்டிரியாவின் நிஜக் கடற்கரையைவிட அவளுக்கு அதுதான் பழக்கம். நேற்று அங்கே நாலு ஆண் உருவங்கள் அவளைச் சுற்றி வளைத்துக்கொண்டன.

“கண்ட இடத்துல கை வெச்சாங்க சார். வாயில சொல்ல முடியாததெல்லாம் பேசினாங்க. காதுக்குள்ளேயே கேட்டுச்சு.”

“கை வெச்சது உன்மேலயா, அந்த பொம்மைமேலயா?”

“அங்க அது நான்தான் சார்.”

“சரி, நீ என்ன பண்ணினே?”

“கண்ணை மூடிக்கிட்டேன்.”

“கண்ணை மூடத் தெரிஞ்சவளுக்குக் கையைத் தூக்கத் தெரியலையா?”

பக்கத்திலிருந்த அக்கா மிர்வத், சொல்லிவிடு என்று கண்ணாலேயே கெஞ்சினாள். ஷாஹிந்தா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“எவ்வளவு நேரம் இந்தக் கூத்து?”

“அக்கா பேக்கரி வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும். அவதான் வந்து கழற்றினா.”

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. “அக்கா வந்து கழற்றணுமா? நீ என்ன மகாராணியா? பிடிச்சுப்போய்த்தானே உட்கார்ந்திருந்தே? போம்மா, போய் வீட்டு வேலையைப் பாரு.”

இணைப்பு அறுந்தது.

மிர்வத், தங்கையின் காதில் வைத்துப் பிடித்திருந்த போனைக் கீழே வைத்தாள். அவள் கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டாள். கட்டிலிலிருந்து நழுவித் தொங்கிய அவளுடைய உணர்வற்ற கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள்.

“பஸ் விபத்துல கழுத்துக்குக் கீழ எல்லாம் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தாளு வாயடைச்சுப் போயிருப்பானேடி! ஏன் மறைச்சே?”

“சொன்னா புகார்ல எழுதுவாங்க. என்னால கழற்ற முடியாதுன்னு அந்த நாலு பேருக்கும் தெரிஞ்சிடும்.” ஷாஹிந்தா கூரையையே பார்த்தபடி சொன்னாள். “நாளைக்கு வேலைக்குக் கிளம்பறப்ப மறுபடியும் அதை மாட்டிவிட்டுட்டுத்தானேக்கா போவே? எனக்கு நடக்கறதுக்கு வேற எடம் ஏது?”